வட மாகாணத்தில் யார் எங்கே: போர் மாற்றிய குடியிருப்பு

1981ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி இலங்கையின் வட மாகாணத்தில் 1,109,404 பேர் வாழ்ந்தார்கள். அங்கே அடுத்த முழுமையான தொகைமதிப்பு நடந்தது 31 ஆண்டு கழித்து, 2012இல். அப்போது இருந்தவர்கள் 1,061,315 பேர். இதே காலத்தில் நாட்டின் சனத்தொகை 14,846,750இலிருந்து 20,359,439 ஆகியிருந்தது. ஏறக்குறைய 37 வீத வளர்ச்சி. வடக்கும் அந்த வேகத்தில் வளர்ந்திருந்தால் 15 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். கணக்கில் இல்லாத அந்த 4 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்குள் கொல்லப்பட்டவர்கள் இருக்கிறார்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கொழும்பிலும் புத்தளத்திலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் ரொறன்ரோவிலும் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். பிறக்காமலே போன பிள்ளைகளும் அதற்குள் அடக்கம்.

மாகாண மொத்தத்தை மட்டும் பார்த்தால் 48 ஆயிரம் பேர் குறைந்தது தெரியும், அவ்வளவுதான். மாவட்டக் கணக்கு வேறு கதை சொல்லும். யாழ்ப்பாணம் 738,788இலிருந்து 583,882 ஆக இறங்கியது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. மன்னார் 106,235இலிருந்து 99,570. கிளிநொச்சி 91,764இலிருந்து 113,510 ஆகவும் முல்லைத்தீவு 77,189இலிருந்து 92,238 ஆகவும் கூடின. (கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல், 1981 எண், பின்னர் எல்லையைப் பிரித்துக் கணக்கிட்டது.) வவுனியா 95,428இலிருந்து 172,115 ஆனது, 80 வீத ஏற்றம். 1981இல் மாகாணத்தின் மூன்றில் இரண்டு பங்கினர் யாழ் மாவட்டத்தில் வாழ்ந்தார்கள். 2012இல் அது 55 வீதம். அதாவது ஆட்கள் குறைந்தது மட்டுமில்லை, மாகாணத்தின் பாரமே தீபகற்பத்திலிருந்து தெற்கே நகர்ந்துவிட்டது.

இந்த நகர்வு நடந்த காலம் முழுவதும் புள்ளிவிவரத்துக்குக் கண் இல்லை. 1991இல் எடுக்க வேண்டிய தொகைமதிப்பு போரால் எடுக்கப்படவில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக எடுக்க முடிந்தது. அந்த இடைவெளியில் எத்தனை பேர் எங்கே இருந்தார்கள் என்று அறிய இருந்தவை கிராம அலுவலரின் நிவாரணப் பதிவும் மாவட்டச் செயலகமான கச்சேரியின் உலருணவுப் பட்டியலும்தான். இரண்டும் அரிசிக்காக எழுதப்பட்டவை. நிவாரணம் எங்கே கிடைக்குமோ அங்கே பெயர் இருக்கும். ஆள் வேறெங்கோ இருப்பார். போர்க்காலச் சனத்தொகை எண்களை இதை மனதில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

ஓட்டத்தின் படிகள்

இடம்பெயர்வு என்றதும் பலரின் கண்முன் வருவது ஒரே நாளில் ஒரு ஊரே கிளம்பிப் போகும் காட்சி. அப்படியும் நடந்தது. 1995 அக்டோபர் 30 மாலை, இராணுவம் யாழ் நகரை உள்ளடக்கிய வலிகாமத்துக்குள் முன்னேறிக்கொண்டிருந்தபோது, எல்லோரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாலு இலட்சத்துக்குக் குறையாத சனம் ஒரே இரவில் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் கிழக்கே, சாவகச்சேரி உள்ள தென்மராட்சிக்குள் போனது. யாழ் நகரிலிருந்து சாவகச்சேரி 15 கிலோமீற்றர் சொச்சம். அதைக் கடக்க மழைக்குள் ஒரு இரவும் பகலும் எடுத்தவர்கள் ஏராளம்.

ஆனால் பெரும்பாலான இடம்பெயர்வு இப்படி ஒரே வீச்சில் நடப்பதில்லை. படிப்படியாக நடக்கும். முதல் படி வளவுக்குள்ளேயே: பங்கர் வெட்டுவது, இரவில் அதற்குள் படுப்பது. அடுத்தது இரவில் மட்டும் கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ தங்கிவிட்டு, விடிய வந்து மாட்டுக்குத் தண்ணி வைத்து, தோட்டத்துக்கு இறைத்துவிட்டுத் திரும்புவது. பிறகு ஷெல் எட்டாத தூரத்தில் உள்ள உறவினர் வீடு. அந்த வீட்டின் திண்ணையும் விறாந்தையும் நிரம்பியதும் முகாம். அதற்குப் பிறகுதான் மாவட்டம் தாண்டுவது. ஒவ்வொரு படியிலும் ஒரு பகுதியினர் நின்றுவிடுகிறார்கள். முதியவர்களும் மாடு கன்று வைத்திருப்பவர்களும் முதல் இரண்டு படியோடு நிற்பார்கள். இளம் பிள்ளைகள் உள்ள குடும்பமும் கையில் காசுள்ள குடும்பமும் அடுத்த படிக்குப் போகும். ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்து வாழ்ந்த பத்துக் குடும்பங்கள் பத்து வருடத்தில் ஐந்து இடங்களில் இருப்பது இப்படித்தான். ஊர் முழுதாக இன்னொரு இடத்துக்குப் பெயர்ந்து போவது அபூர்வம். வசதியும் வயதும் ஊரைச் சல்லடையில் இட்டு அரித்துவிடுகின்றன.

2008–09இல் தீபகற்பத்துக்குத் தெற்கேயுள்ள பெருநிலமான வன்னியில் நடந்தது இதே படிகள்தான், ஆனால் ஒரே திசையில், திரும்பி வர வழியில்லாமல். மன்னாரின் அடம்பன், விடத்தல்தீவுப் பக்கச் சனம் முதலில் மல்லாவி, அக்கராயன் பக்கம் வந்தது. அங்கிருந்து கிளிநொச்சி. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி விழுவதற்கு முன்பே தருமபுரம், விசுவமடு. பிறகு சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். முதல் இரண்டு மூன்று இடம்பெயர்வுகளில் வீட்டின் கூரை ஓடுகளையும் தகரத்தையும் கழற்றி, கதவு யன்னல் நிலைகளையும் பிடுங்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகிற இடத்தில் கூரை கிடைக்காது, விட்டுவந்த வீடும் மிஞ்சாது என்பது தொண்ணூறுகளின் அனுபவம். நாலாவது ஐந்தாவது இடத்தில் டீசல் இல்லை, ஓடு வீதியோரத்தில் கிடந்தது. அதன் பின் தரப்பாளும் அரிசிப் பையும். கடைசியில் கையில் இருந்தது ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி. பலரிடம் அதுவும் இல்லை. இந்த உறையைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் யார் எங்கே வாழ முடியும் என்பதைப் பெருமளவு தீர்மானித்தது அதுதான்.

போர் முடிந்தபோது ஏறக்குறைய 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர் முகாம்களுக்குள் இருந்தார்கள், பெரும்பாலும் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாமில். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். கடைசியாக வெளியேற்றப்பட்ட கேப்பாப்புலவு மக்கள் தங்கள் ஊருக்கு அனுப்பப்படவில்லை. ஊர் இராணுவத்திடம் இருந்தது. சீனியாமோட்டையில் காடு வெட்டிய நிலத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். முகாம் மூடப்பட்டது என்பது உத்தியோகபூர்வமாக உண்மை.

வவுனியா ஏன் பெருத்தது

போர் நடக்கும் எந்த நாட்டிலும் சண்டைக் களத்தின் ஓரமாக ஒரு நகரம் வீங்கும். அங்கே ஷெல் விழாது, ஆனால் ஊர் எட்டும் தூரத்தில் இருக்கும். வங்கியும் பெரியாஸ்பத்திரியும் கச்சேரியும் இயங்கும். தலைநகருக்கு வண்டி ஓடும். வடக்குக்கு அந்த நகரம் வவுனியா. போரின் பெரும்பகுதிக் காலத்தில் அரச கட்டுப்பாட்டுப் பகுதியின் வடக்கு விளிம்பு அது. ரயிலும் அங்கேதான் நின்றது.

அந்த வீக்கம் 1990இல் தொடங்கியதும் அல்ல. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து தப்பி வந்தவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காட்டோரங்களில் குடியமர்ந்தார்கள். 1992 முதல் தமிழ்நாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களில், சொந்த ஊருக்குப் போக முடியாதவர்கள் சிதம்பரபுரம் போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். வன்னியிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு அடுத்த கட்டமாகக் கொழும்போ யாழ்ப்பாணமோ போக பயண அனுமதிச் சீட்டான பாஸ் தேவைப்பட்டது. பாஸுக்குக் காத்திருந்த மாதங்களில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், சின்னக் கடை போட்டார்கள், ஓட்டோ வாங்கினார்கள். காத்திருந்த இடம் ஊராகிவிட்டது. 2009க்குப் பின் பாதை திறந்தபோதும் இவர்களில் பெரும்பகுதியினர் கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால்தான் ஆச்சரியம். பதினைந்து வருடம் கட்டிய வாழ்க்கையை, கிணறும் இல்லாத ஒரு வளவுக்காக யாரும் குலைக்க மாட்டார்கள்.

மறுபக்கம் தீவகம், யாழ் நகருக்கு மேற்கேயுள்ள தீவுகள். 1990–91இல் படையினரிடம் விழுந்த வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, மண்டைதீவுப் பகுதிகளிலிருந்து போனவர்கள் முதலில் யாழ் நகருக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் போனார்கள், பிறகு பாரிசுக்கும் சூரிச்சுக்கும் ரொறன்ரோவுக்கும். தீவகத்தாருக்கு ஏற்கனவே கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை வைத்து நடத்திய பழக்கம் உண்டு. தொலைவில் போய்ப் பிழைக்கத் தெரிந்தவர்கள், கையில் முதலும் இருந்தது. அதனால் இன்னும் தொலைவுக்குப் போக முடிந்தது. புங்குடுதீவில் இன்றும் சுவரைப் பிளந்து ஆலும் அரசும் வளர்ந்த மாடி வீடுகளைப் பார்க்கலாம். கோயில்கள் மட்டும் புதுப் பெயின்ரோடு நிற்கின்றன. வருடாந்தத் திருவிழாவுக்கு விமானத்தில் வந்து, முடிந்ததும் போய்விடுகிறார்கள்.

எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பது பையின் கனத்தைப் பொறுத்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏசன்சிக்குக் கட்டப் பணம் இருந்தவர்கள் கனடாவும் ஐரோப்பாவும் போனார்கள். ஒரு காணித் துண்டை விற்றால் ஒரு பிள்ளையை அனுப்பலாம், அந்தப் பிள்ளை மற்றவர்களை எடுத்துக்கொள்ளும் என்பதுதான் பல குடும்பங்களின் கணக்கு. அந்த அளவு இல்லாதவர்கள் கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். அதுவும் இல்லாதவர்கள், குறிப்பாக மன்னார்க் கரையிலிருந்தவர்கள், படகேறி இராமேஸ்வரம், தனுஷ்கோடிக் கரையில் இறங்கினார்கள். 1983, 1990, 1996, 2006 என்று நாலு அலையாகப் போனார்கள். அவர்களில் 50 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இன்னும் தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் அவை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றப்பட்டன. அங்கே பிறந்த பிள்ளை இலங்கைக்குத் திரும்ப வேண்டுமானால், முதலில் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து குடியுரிமை எடுக்க வேண்டும். பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் அதுவே நீண்டுகொண்டு போகும்.

விரட்டப்பட்டவர்கள்

ஓடியவர்கள் ஒரு வகை, விரட்டப்பட்டவர்கள் இன்னொரு வகை. இரண்டையும் இடம்பெயர்ந்தோர் என்ற ஒரே சொல்லால் குறிப்பது வசதியாக இருக்கலாம், நியாயமாகாது.

1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75 ஆயிரம் பேர். யாழ் நகரின் சோனகத் தெருவில் கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். கையில் சில நூறு ரூபாய்க்கு மேல் கொண்டுபோக விடவில்லை, நகையும் பறிக்கப்பட்டது. பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம், கற்பிட்டிப் பகுதி. அங்கே வரவேற்பு இருந்தது, ஆனால் தண்ணீரும் பள்ளிக்கூடமும் கூலி வேலையும் அந்த ஊர்க்காரர்களுக்கே போதாதவை. 19 ஆண்டு கழித்துத் திரும்பலாம் என்றபோது இரண்டு சிக்கல்கள் எழுந்தன. ஒன்று, பெருக்கம்: 1990இல் ஒரு வீட்டிலிருந்து வெளியேறிய ஒரு குடும்பம் இப்போது மூன்று நாலு குடும்பம். அதே வளவுக்குள் நாலு வீடு கட்ட முடியாது. இரண்டாவது காடு. மன்னாரின் முசலிப் பகுதியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஊர்களைச் சுற்றியிருந்த நிலங்கள் இருபது ஆண்டு ஆளில்லாமல் பற்றைக்காடாகியிருந்தன. 2012 அக்டோபரில் அவற்றில் ஒரு பகுதி ஒதுக்குக் காடாக அரசிதழான வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு வந்து துப்புரவாக்கியவர்கள் காடழிப்போர் என்று குற்றஞ்சாட்டப்பட்டார்கள். ஆளை வெளியேற்றினால் காடு வளரும், காடு வளர்ந்தால் அரசு அதைத் தன்னுடையது என்று சொல்லும். வனத்தைக் காப்பது தேவைதான். ஆனால் வரைபடத்தில் கோடு போடுமுன், 1990இன் வாக்காளர் இடாப்பைத் திறந்து பார்ப்பது பெரிய வேலையில்லை.

முல்லைத்தீவின் தெற்கேயுள்ள மணலாற்றில் 1984 இறுதியில் நடந்ததும் விரட்டல்தான், செய்த கை வேறு. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ்க் கிராமங்களிலிருந்து மக்கள் படையினரால் வெளியேற்றப்பட்டார்கள். 1988இல் அந்தப் பிரதேசம் மகாவலி நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்தின் ‘எல்’ வலயமாக அறிவிக்கப்பட்டு, வெலிஓயா என்ற பெயரில் சிங்களக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. 2009க்குப் பின் ஊர் திரும்பியவர்கள் தங்கள் வயல்களில் வேறு ஆட்களைக் கண்டார்கள், அவர்களிடம் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரமும் இருந்தது.

வலிகாமம் வடக்கில் குடியேற்றம் இல்லை, படைமுகாம். 1990 ஜூனில் பலாலி, காங்கேசன்துறை, மயிலிட்டி மக்கள் வெளியேறினார்கள். செம்மண் தோட்டங்களும் மயிலிட்டித் துறைமுகமும் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2013 ஏப்ரலில் அங்கே 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளர்கள் வழக்குக்குப் போனார்கள். 2015க்குப் பின் துண்டு துண்டாக விடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில். 27 வருடம் கரை மாறி இருந்த கடற்றொழிலாளிக்குத் துறைமுகம் மட்டும் கிடைத்தால் போதாது. வீடு, வாடி, வலை காயவைக்கும் கரை எல்லாம் சேர்ந்துதான் தொழில். துறைமுகம் விடப்பட்ட அன்று வீட்டுக்காணிகளில் பெரும்பகுதி வேலிக்கு உள்ளேயே இருந்தது.

திரும்பிப் போவதன் கணக்கு

மீள்குடியேற்றம் என்றால் அரச கணக்கில் ஒரு குடும்பத்தின் பதிவு ஒரு கிராம அலுவலர் பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. உண்மையில் அது குறைந்தது ஐந்து வேலை, அவை ஒழுங்கு மாறாமல் நடக்க வேண்டும்.

முதலில் கண்ணிவெடி. முகமாலையில் 2000 முதல் 2009 வரை இரு தரப்பின் முன்னரங்கும் நேருக்கு நேர் இருந்தது. அங்கே வரிசை வரிசையாகப் புதைத்தவை, மழையில் நகர்ந்தவை, ஒன்றன் மேல் ஒன்றாக மறுபடி புதைத்தவை எல்லாம் இருக்கின்றன. மனிதர் முழந்தாளில் இருந்து அகழ்ந்துதான் எடுக்க வேண்டும். அந்தப் பக்க ஊர்கள் மற்ற இடங்களைவிட ஆண்டுகள் பிந்தித் திறந்ததற்குக் காரணம் இது.

இரண்டாவது கிணறு. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கும் சுண்ணாம்புக்கல்லில் வெட்டிய கிணறுதான். இருபது வருடம் இறைக்காத கிணற்றின் கட்டு இடிந்திருக்கும், உள்ளே மரம் முளைத்திருக்கும், வெடிபொருள் போடப்பட்டிருக்கலாம். ஆகவே கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்த பிறகே இறங்கலாம். பிறகு இறைத்து, சேற்றை அள்ளி, குளோரின் போட வேண்டும். கரையோரத்தில் அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப முழுதாக இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலே ஏறிவிடும். உவராகிய கிணறு மீள பல மழைக்காலம் வேண்டும். நல்லெண்ணத்தோடு வந்து பெரிய பம்பு பூட்டியவர்கள் கெடுத்த கிணறுகளும் உண்டு.

மூன்றாவது எல்லை. இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளில் பெரும்பாலும் வரைபடம் இராது. பரப்பும் குழியும் எழுதியிருக்கும்: 16 பரப்பு ஒரு ஏக்கர், 18 குழி ஒரு பரப்பு. எல்லை என்பது கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் பெண்சாதி காணி என்று நாலு பக்கத்துப் பெயர்கள். நிலத்தில் அந்த எல்லையைக் காட்டி நின்றது கிளுவை வேலியும் பூவரசும் ஒரு பனையும். முகாம் அமைக்கப் புல்டோசர் ஓடிய இடத்தில் வேலியும் இல்லை, பனையும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. உறுதியில் பெயர் உள்ள நாலு பக்கத்தாரில் இருவர் இறந்து, ஒருவர் லண்டனில், ஒருவர் இருக்குமிடம் தெரியாது. நில அளவையாளர் வந்தாலும் எங்கிருந்து சங்கிலி பிடிப்பது? இந்த நிலையில் முதலில் திரும்பியவர் போடும் வேலிதான் எல்லையாகிவிடுகிறது. அரை அடிக்கு வெட்டுக்குத்து வரை போகும் வேலிச் சண்டைகள் இதிலிருந்து கிளம்புகின்றன.

நாலாவது வீடு. இந்திய வீட்டுத்திட்டம் ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபாய் கொடுத்தது, வேலை முன்னேற முன்னேறத் தவணையாக, வீட்டுக்காரரே நின்று கட்டும் முறையில். ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுப்பதைவிட இந்த முறை எவ்வளவோ மேல்: அறையைத் தேவைக்கு மாற்றலாம், கல்லின் தரத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் ஒரே ஆண்டில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பும்போது மணலும் கல்லும் மேசன் கூலியும் ஏறும். அத்திவாரத்துக்கான தவணை சுவரெழும்புவதற்குள் தீர்ந்துவிடும். அடுத்த தவணைக்கு அடுத்த கட்டம் முடிந்திருக்க வேண்டும், முடிக்கக் காசில்லை. அந்த இடைவெளியில் நகை அடகுக்குப் போகும், பிறகு வீடுவீடாக வந்து நுண்கடன் கொடுத்த நிறுவனங்களிடம் கை நீளும். வீடு முடிந்தது, குடும்பம் கடனடைக்கத் திரும்பவும் வெளியூருக்குக் கூலிக்குப் போனது என்ற கதை வன்னியில் சாதாரணம். பயனாளி தெரிவில் பிள்ளைகள் கூடிய குடும்பங்களுக்குப் புள்ளி அதிகம். தனியே திரும்பி வந்த முதியவர் பட்டியலின் அடியில் இருந்தார், பெரும்பாலும் முதலில் திரும்பி வந்தவரும் அவர்தான்.

ஐந்தாவது பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் திறக்கப் பிள்ளைகள் வேண்டும், பிள்ளைகள் வரப் பள்ளிக்கூடம் வேண்டும். விஞ்ஞான, கணித ஆசிரியர் இல்லாத இடத்துக்கு உயர்தரம் படிக்கும் பிள்ளையோடு யாரும் போகமாட்டார்கள். ஆகவே குடும்பம் பிரிகிறது: தகப்பன் காணியில் கொட்டில் போட்டு இருக்கிறார், தாயும் பிள்ளைகளும் நகரத்தில் வாடகை வீட்டில். இரண்டு அடுப்பு எரிக்கும் செலவு. அரசப் பதிவில் இது முழுக் குடும்பமும் மீள்குடியேறிய கணக்கு. ஐந்து வருடம் கழித்து ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் இரவில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று எண்ணினால் வேறு எண் வரும். அப்படி எண்ணித்தான் பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் காசு ஒதுக்க வேண்டும்.

அந்த பிளாஸ்ரிக் உறை

யாழ்ப்பாணத்தில் காணி பெரும்பாலும் தனியார் உறுதிக் காணி. வன்னியில் பெரும்பகுதி அரச காணி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட்டில் இருப்பது. உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம், உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் தெரிந்தால் வேலை லேசு. பெர்மிட் தொலைந்தால் பிரதேச செயலகத்துப் பேரேடு ஒன்றுதான் துணை. வன்னியில் செயலகங்களே இடம்பெயர்ந்தன, பேரேடுகள் அழிந்தன. புலிகள் காலத்தில் அவர்கள் பகிர்ந்து கொடுத்த காணிகளில் இருந்தவர்களின் தாள்களை அரசு ஏற்கவில்லை. ஒரே காணிக்கு மூன்று குடும்பம் உரிமை கோருவது இதனால்தான்: 1970களின் பெர்மிட்காரர், தொண்ணூறுகளில் வைக்கப்பட்டவர், 2010இல் வெறுங்காணி என்று வந்து இருந்தவர். மூவரும் போரால் அடிபட்டவர்கள்.

தனியார் காணியில் பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் இருந்தவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது இலங்கைச் சட்டம். போரால் காணிக்குப் போகவே முடியாதவருக்கு இது அநீதி என்று பலகாலம் சொல்லப்பட்டு, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்க வழி வந்தது. நல்ல சட்டம், பிந்தி வந்த சட்டம். போர் முடிந்து ஏழாண்டுக்குள் பல காணிகள் கைமாறிவிட்டன.

பெண்களுக்கு இன்னும் இறுக்கம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் சம்மதம் கொடுக்க ஆளில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் வழி திறக்கும், ஆனால் அதை எடுப்பது அவர் இறந்துவிட்டார் என்று தானே கையெழுத்திடுவது. பலர் மறுத்தார்கள், அதில் அவர்கள் பக்கமே நியாயம். 2016 முதல் காணாமற்போனதற்கான சான்றிதழ் என்று தனியாக ஒன்று வந்தது. பெர்மிட் காணியிலோ, பின்னுரித்தாளர் பெயரிடாமல் ஒருவர் இறந்தால் மூத்த மகனுக்கே முன்னுரிமை என்ற அட்டவணை 2022 வரை நீடித்தது.

ஆட்கள் போனதும் ஆசனமும் போயிற்று. பாராளுமன்றத்தில் மாவட்டங்களுக்குரிய 196 ஆசனங்களில் 36 மாகாணத்துக்கு நாலாக நிரந்தரம். மீதி 160 பதிவு செய்த வாக்காளர் தொகைப்படி பிரியும். யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் 11 ஆசனம், 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊரிலேயே வாக்காளராகப் பதிய 2013இல் விசேட சட்டம் ஒன்று வந்தது. ஆனால் புத்தளத்தில் இருக்கும் குடும்பம் மன்னாரில் பதிந்தால் புத்தளத்துப் பிரதேச செயலகத்தில் சேவை கேட்கும்போது நீ இந்த ஊர் ஆளில்லை என்ற பதில் வரும். அங்கே பதிந்தால் மன்னாரில் அரச காணி பகிரும் காணிக் கச்சேரிக்குப் போகும்போது அதே பதில்.

2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கரைக் குறித்து அறிவித்தது: உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும், கோராதவை அரச காணியாகும். உறுதி எரிந்தவர்கள், பங்குக்காரர் நாலு நாட்டில் இருப்பவர்கள், தமிழ்நாட்டு முகாமில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அதே மூன்று மாதம். எதிர்ப்பு கிளம்பி, ஜூன் இறுதியில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசு அறிவித்தலை மீளப்பெற்றது. அந்தக் காணிகளுக்கு உரிமை கோர வேண்டியவர்கள் செய்ய வேண்டிய வேலை அப்படியே இருக்கிறது: பதிவகத்தில் தேடி உறுதிப் பிரதி எடுப்பது, வெளிநாட்டில் உள்ள பங்குக்காரரிடம் அற்றோணித் தத்துவம் (அவர்களுக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) வாங்குவது, அளவையாளரைக் கூட்டிப்போய் வரைபடம் கீறுவது, எல்லை தெரிந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களின் சத்தியக் கடதாசியை எடுத்து வைப்பது.